மைக் செட்டும் பழைய தட்டுகளும்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கிலாந்தில் இப்ஸ்விச்சில் மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, மூட்டுவலிதான் பழகவில்லை. பேத்திக்குப் பெயர் வைத்தாச்சா?

பழைய இசைத்தட்டுகளை விற்கப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த வாரமே மகன் என்னைக் கிரேட் ஃபின்பரோ கிராமத்துக்கு அழைத்துப் போனான். அங்குள்ள தேவாலயத்தில்தான் ஜான் பீல் கல்லறை இருக்கிறது. 1967-இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கிய நாட்களிலிருந்து 2004-இல் சாகும்வரை அதில் பாட்டுப் போட்டவர். அதற்கு முன், கடலில் நங்கூரமிட்ட கப்பலில் நடந்த ரேடியோ லண்டனில் இருந்தார். உரிமம் இல்லாத நிலையம். அந்த ஆகஸ்டில் இப்படிப்பட்ட கடல் நிலையங்களுக்கு எதிராகச் சட்டம் வந்ததும் மூடிவிட்டார்கள்.

மனுஷன் உன்னைப் போலத்தான். தட்டை அடிக்கடி தப்பான வேகத்தில் ஓட்டிவிடுவார். அம்மன் கொடையில் நீ நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33-இல் ஓடவிட்டு, சுசீலா குரல் ஆம்பளைக் குரலாகி ஊரே சிரித்ததே! இவர் 1973-இல் ஃப்ரிப், ஈனோ என்ற இரண்டு இசைக்கலைஞர்களின் டேப்பைத் தலைகீழாகவே ஒலிபரப்பியிருக்கிறார். அந்த இசையில் எது முன், எது பின் என்று எனக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் காது சுத்தமான காது. ஊர் பேர் தெரியாத பையன்கள் அனுப்பும் கேசட்டுகளையெல்லாம் கேட்பார். பிடித்தவர்களைக் கூப்பிட்டு பிபிசி ஸ்டுடியோவில் வாசிக்கவைப்பார். வட அயர்லாந்தின் டெரி நகரத்துப் பையன்களின் இசைக்குழுவான அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டை 1978-இல் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். அந்தப் பாட்டின் ஒரு வரிதான் கல்லறையில் இருக்கிறது. பக்கத்தில் லிவர்பூல் கால்பந்து அணியின் பறவைச் சின்னம். பைத்தியம் அந்த அளவுக்கு: நான்கு பிள்ளைகளின் பெயரிலும் ஆன்ஃபீல்ட் (அணியின் மைதானம்), டால்கிலிஷ் (ஆட்டக்காரர்), ஷாங்க்லி (மேலாளர்) என்று லிவர்பூலைச் சேர்த்திருக்கிறார்.

டிவியில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற பாட்டு நிகழ்ச்சி செய்ததும், 1998 முதல் ரேடியோ 4-இல் சனிக்கிழமைக் காலைகளில் குடும்பக் கதைகள் பேசியதும் தனிக்கதை. பெரு நாட்டுக்குப் போன இடத்தில் மாரடைப்பு. 65 வயதுதான்.

அவர் சேர்த்த எல்பிகள், அதாவது பெரிய இசைத்தட்டுகள் மட்டும் சுமார் 26,000. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அட்டையில் தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். உன் டிரங்குப் பெட்டியில் எது எங்கே இருக்கிறதென்று உனக்கே தெரியாது, சரிதானே?

விலை பேசிவிட்டாயா? தை மாதம் வருகிறேன். மற்றதை விற்றாலும் விற்றுக்கொள், அந்தச் சுசீலா தட்டை மட்டும் எடுத்து வை. 33-லேயே கேட்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்