கிருஷ்ணன் கட்டுரைக்குக் குல்மோகர் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனை நினைவுகூர்ந்து சென்ற இதழில் வந்த கட்டுரை நன்று. 1912 ஜூன் 30இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை, 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950 தொடங்கி 1996 பிப்ரவரி 18இல் இறக்கும் வரை பத்தி எழுதியவர் என்ற விவரமெல்லாம் சரியாக இருக்கின்றன. படம்தான் உறுத்துகிறது. பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு குல்மோகர் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கிறது. அது மடகாஸ்கர் மரம். வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுவதை விடாமல் எதிர்த்து எழுதியவருக்கு இப்படியொரு அஞ்சலியா?

அவருடைய எதிர்ப்பு வெறும் சுதேசிப் பற்று அல்ல. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசனுடன் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செடி தேடி அலைந்து தாவரவியலைக் கற்றவர் அவர். ஒரு நாட்டின் அடையாளமே அதன் மண்ணும் மரமும் விலங்கும்தான் என்பது அவர் வாதம். அது சரியா என்று பார்க்க நம் மண்ணின் மரமான கொன்றை ஒன்றின் அடியில் நின்றால் போதும். துளிர் விட்டதும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். புழுக்கள் இலையை மொட்டையடித்துவிடும். மறுபடி தழைக்கும். இதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். புங்க இலையில் பரு பருவாகக் கிளம்புவதற்கும் இதே கதிதான். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை அது. மரம் சாகாது, விட்டுவிடலாம்.

அவருடைய புகைப்படங்களைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். ஒரு கம்பெனியின் கேமரா உடம்பு, இன்னொன்றின் தொலைலென்ஸ் என்று தானே சேர்த்துக் கட்டிய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அடிக்கடி யானை மேலிருந்து எடுப்பார். யானை வாசனையில் மனித வாசனை அமுங்கிவிடுவதால் காட்டெருதும் மானும் மிரளாது. ஆனால் யானை சும்மா நிற்காது. காதை ஆட்டும், காலை மாற்றும், மூச்சு விட்டாலே மேலே இருப்பவர் அசைவார். தொலைலென்ஸில் அந்த அசைவு பல மடங்காகத் தெரியும். ஷட்டரை வேகமாக வைத்தால் காட்டு நிழலில் வெளிச்சம் போதாது, அந்தக் காலத்து ஃபிலிமும் வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும். அப்படி எடுத்தும் அவர் படங்களில் மயிர்க்கால் தெரிகிறது!

அவர் பெயரில் மரம் நட விரும்பும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்தநாள் என்பதற்காக ஜூன் 30இல் நடாதீர்கள். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் அப்போது வெயில் இன்னும் தணிந்திருக்காது. வடகிழக்கு மழை வர ஐப்பசி ஆகும். போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துபோன பிறகு நாலு மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆடிக்குள் பாதி கருகிவிடும்.

ஜூனில் செய்ய வேண்டியது விதை பொறுக்குவது. நாவலும் இலுப்பையும் அப்போதுதான் உதிரும். இரண்டையும் காயவைத்துச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும், வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். கொன்றை இதற்கு நேர் எதிர். கறுத்த நெற்றை உடைத்து, பிசினைக் கழுவி எடுத்த விதையை அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். நகவெட்டியால் விதையின் ஓரத்தில் தோலை மட்டும் துளி கிள்ளி, இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம், உப்பாததை இன்னொரு முறை கிள்ள வேண்டும். முளை கிளம்பும் மூக்குப் பக்கம் கிள்ளினால் முளை போய்விடும்.

கன்றை அடுத்த ஆண்டு ஐப்பசியில், இரண்டடிக் குழியில் நடலாம். அதற்கு மேல் பையில் வைத்திருக்கக் கூடாது, வேர் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் நன்றாக வளர்வதுபோலத் தெரிந்து, பிறகு ஒரு புயலில் சாய்ந்துவிடும். ஏற்கெனவே சுருண்டிருந்தால் பையின் அடிப்பாகத்தை ஓர் அங்குலம் மண்ணோடு வெட்டி எறிந்துவிட்டு நடுங்கள்.

தமிழிலும் அவர் நிறைய எழுதியிருக்கிறார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். அடுத்த முறை அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துப் போடுங்கள். படம் வேண்டுமென்றால் ஏப்ரலில் பூத்த புங்கம் ஒன்று கிடைக்காமலா போகும்?

அன்புடன்,
நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
செங்கல்பட்டு