அரை நாளில் ஆகிற வேலையா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் காலமான செய்தி, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிகளில் வெளியாகியிருந்தது. செய்தியில் பிழை ஏதும் இல்லை. அதே பக்கத்தின் கீழ்மூலையில், பிள்ளைகள் மைதானத்துக்கே வருவதில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்று ஒரு விழா மேடையில் ஒருவர் வருந்திப் பேசியதும் வந்திருந்தது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாவற்றையும் போல எங்கள் பள்ளி மைதானமும் கரிசல் மண்தான். கோடையில் ஹாக்கி மட்டையின் நுனி உள்ளே போகும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையிலோ ஒரு சுற்று ஓடி வந்தால் பாதி மைதானம் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். சாலை போட்டு மிஞ்சிய சரளையைக் கேட்டு வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொட்டி, எங்களையும் கூட்டிக்கொண்டு உருளை இழுத்துத்தான் சார் அதைப் பந்து உருளும் தரையாக்கினார். முறிந்த மட்டைக்கு வஜ்ஜிரப் பசை பூசிச் சணல் சுற்றுவதும், அடியில் ஓட்டை போட்ட டால்டா டப்பாவில் சுண்ணாம்புப் பொடி நிரப்பிக் கோடு போடுவதும் அவர் கையாலேயே நடக்கும். கோடு போடும்போது மூலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, கயிற்றில் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று எங்களையே பிடித்துப் பார்க்கச் சொல்வார். பித்தாகரஸ் தேற்றம் எனக்குப் புரிந்த இடம் அந்த மைதானத்தின் வடகிழக்கு மூலை. இதைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. இன்று பெரும்பாலான பள்ளிகளில் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கடன் வாங்குவது கணக்குப் பாடம்தான்.

அவரைப் பயிற்சியாளர் என்று மட்டும் சொன்னால் பாதி விட்டுப்போகும். எங்கள் பகுதியில் அப்போது விடியுமுன்பே கிராமம் கிராமமாகத் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையின் பஸ் வரும். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் அதில் தூக்கக் கலக்கத்தோடு ஏறி வேலைக்குப் போவார்கள். 1984-இல் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் அணியில் இடப்பக்கம் ஆடிய பையன் திடீரென்று வரவில்லை. இரண்டாம் நாள் விடியற்காலை சார் சைக்கிளில் போய் அந்த பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருக்கிறார். அங்கே ஒன்றும் பேசவில்லையாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவன் தாயாரிடம், சனிக்கிழமை வரும் கூலி எவ்வளவு, அதில் கடனுக்குப் போவது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். இரவில் வீட்டிலேயே பெட்டி ஒட்டிக்கொள்வது, பகலில் பள்ளிக்கு வருவது என்று முடிவாயிற்று. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல். அதற்கு முந்தைய ஏற்பாடு இது. ஆசிரியரே இப்படிச் சமரசம் செய்யலாமா என்று கேட்டால் நான் வாதாட மாட்டேன். அந்தப் பையன் பத்தாம் வகுப்புத் தேறினான், மின்வாரியத்தில் வேலை பார்த்தான்.

குறையே இல்லாத மனிதர் என்றும் சொல்ல வரவில்லை. அவர் பிரம்பு எங்களில் பலருக்கு நன்றாக நினைவிருக்கும். தாமதமாக வருகிறவனை அடிக்கும் வேலையை மற்ற ஆசிரியர்கள் அவர் தலையில் கட்டினார்கள் என்பதும், அவர் அதை மறுக்கவில்லை என்பதும் உண்மை.

கோவில்பட்டியில் இன்று செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, விளையாட்டு விடுதி இருக்கிறது. அங்கே பயின்ற மாரீஸ்வரன், கார்த்தி ஆகிய இருவரும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடினார்கள். இதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆயினும் விடுதிக்குத் தேர்வாகும் பிள்ளையை முதலில் ஆறாம் வகுப்பில் யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்குப் படிவம் நிரப்பி, பிறந்த தேதிச் சான்று தேடி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ இப்போது எப்படி நியமிக்கப்படுகிறார் என்பதுதான் என் கேள்வி. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படித்தால் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்கிறது. அதையொட்டி 2012-இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்று நியமித்தது. பிறகு தொகை படிப்படியாக உயர்ந்து 2021-இல் 10,000 ஆயிற்று. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது நெடுங்காலம் அவர்களுடைய மனக்குறை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. மீதி அரை நாள்களில் கடையிலும் வயலிலும் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிற ஒருவரை, விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நில் என்று எந்த முகத்தோடு கேட்பது? உடற்கல்வி ஆசிரியரின் வேலையோ காலை மணி அடிப்பதற்கு முன்பும் மாலை மணி அடித்த பின்புமே பெரும்பகுதி நடப்பது.

எங்கள் சார் ஓய்வு பெற்ற பிறகு அவர் இடத்துக்கு முழுநேர ஆசிரியர் வரவில்லை. விளையாட்டு அறையின் சாவி அலுவலக ஆணியில் தொங்குகிறது. சரளை பெயர்ந்து கரிசல் மேலே வந்துவிட்டது; சீமைக்கருவேல் கோல் கம்பம் வரை வந்திருக்கிறது.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளின் வெற்றிச் செய்திகளை வெளியிடும்போது, வென்ற பள்ளிக்கும் தோற்ற பள்ளிக்கும் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டு, அதையும் ஒரு வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அஞ்சல் துறை ஊழியர் ஒருவர்,
கோவில்பட்டி வட்டம்.