நடப்பு வட்டி அடிக்குறிப்பில் கிடக்கிறது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மா நெல் வணிகத்தையும் செட்டியார் லேவாதேவியையும் பற்றித் தாங்கள் சென்ற இதழில் பாராட்டியிருந்த ஆராய்ச்சி நூலை, தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் மூலம் வரவழைத்தேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் இங்கே யாங்கோனில் கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் உட்காருவோம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஐந்து வாரம் முயன்றும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. போன வாரம் மிஞ்சியது மூன்று பேர்தான்.

பேராசிரியரின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் சோற்றையும் கடனையும் பற்றிய நூல் இது. ஆசையோடு வந்தவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்பதை அவர் அறிய வேண்டும்.

ஓர் அட்டவணையைச் சொல்கிறேன். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். அதன் கீழே பிணைய உரிமை மாற்றம், நிலவுடைமைச் செறிவு என்று அரைப் பக்கம் போகிறது. வாசித்த பையன் நிறுத்திவிட்டு, "அப்படின்னா என்ன மாமா?" என்றான். உலகமெங்கும் விலை சரிந்தபோது இங்கே நெல்லும் ஏறக்குறையப் பாதி விலைக்கு வந்துவிட்டது, நிலத்தை அடமானம் வைத்த பர்மிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, நிலம் செட்டியார் பேருக்குப் போனது என்றேன். செட்டியாருக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். அப்படிப் போன வயல் ஒன்றைத்தான் எங்கள் தாத்தா பெகு பக்கம் குத்தகைக்கு உழுதார். குத்தகை நெல்லை அளந்து போட்ட பிறகு, மிஞ்சிய கூடைகளைப் பாட்டி விரல்விட்டு எண்ணுவார்களாம். இதைச் சொன்னபோது அந்தப் பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

இன்னொன்று. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி செட்டியார்கள் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) கோயிலில் கூடி நடப்பு வட்டியை, அதாவது அந்த மாதத்து வட்டி விகிதத்தை, முடிவு செய்வார்கள். முருகன் சந்நிதியில் முடிவான அந்த வட்டியை ஒட்டித்தான் அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் நடந்தது. இந்தச் செய்தி நூலில் பொடி எழுத்தில், அடிக்குறிப்பாகக் கிடக்கிறது! அதை வாசித்ததும், அதுவரை கண்ணை மூடியிருந்த எண்பது வயதுப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பா சிறுவயதில் ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கி ஒன்றில் சமையலுக்கு உதவியாக இருந்தவர். "பதினாறாந் தேதி ராத்திரி இலை போட நேரமாகும்னு எங்கப்பா சொல்வாரு. எல்லாரும் வட்டி பேசிட்டு வரணுமே" என்றார். அன்று அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

பொருளாதாரம் எங்களுக்குப் புதிதில்லை. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அம்மா தலையணைக்குள் வைத்திருந்த சேமிப்பு வெறும் காகிதமானதை நானே பார்த்தேன். எங்களுக்குக் குறைவு தமிழ்ப் படிப்புத்தான். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, என் வயதுக்காரர்கள் பலர் கோயில் வகுப்பில் மாலை நேரத்தில் கற்ற தமிழை வைத்தே வாசிக்கிறோம். அந்தத் தமிழுக்கு மேலாள், அடுத்தாள், பேரேடு என்ற செட்டியார் கடைச் சொற்கள் எல்லாம் தெரியும். மூலதனத் திரட்சி தெரியாது.

தாங்கள் அந்தப் பேராசிரியரிடம் கேட்டு, இதே செய்திகளைத் தங்கள் இதழிலேயே ஐந்தாறு கட்டுரைகளாக எழுதச் சொல்ல வேண்டும். அட்டவணைகள் கடைசியில் வரட்டும். அடிக்குறிப்புகள் முன்னால் வரட்டும்.

நூல் கோயில் அலமாரியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்த அடிக்குறிப்பை மறுபடியும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
யாங்கோன்.