பில்ட்மோர் விருந்து மண்டபத்து அம்மாவுக்கு நன்றி

பில்ட்மோர், 1895 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் வாண்டர்பில்ட் உறவினர்களுக்குத் திறந்துவிட்ட மாளிகை; இருப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆஷ்வில் நகரில். அங்கே விருந்து மண்டபத்தில் நிற்கும் 35 அடி கிறிஸ்துமஸ் மரத்தை (ஃபிர் என்னும் ஊசியிலை மரம்) மொபைலில் முழுசாகப் பிடிக்க வழி சொன்ன, பெயர் தெரியாத பணியாளர் அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி!

அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் உச்சி குறுகிப்போகும். முடிந்தவரை பின்வாங்கி, போனைச் சாய்க்காமல் நெட்டாகப் பிடிக்கணும். திரையில் மரத்தின் சரவிளக்கைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் பல்புகள் வெள்ளைப் புள்ளிகளாக வெளிறாது. மங்கலில் கை ஆடும், அதனால் முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஃப்ளாஷ் கூடவே கூடாது; போட்டாலும் அவ்வளவு உயரம் எட்டாது, முன்னால் நிற்பவர் பின்மண்டைதான் பளிச்சிடும்!

"ஏன் இவ்வளவு இருட்டு?" என்று முணுமுணுத்தவர்களுக்கும் பொறுமையாகச் சொன்னீர்கள்: சுவரில் தொங்கும் 16ஆம் நூற்றாண்டு நெசவுச் சித்திரங்களின் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது.