இதயத்துக்கு ஒரு வாட்ச்மேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பல்தான், வேறு காரணமில்லை. நான் இதயத்தில் வைத்துக்கொண்ட கருவியை நீயும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே என்றுதான் சொல்வேன்.

என் கதை வேறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு இரண்டு முறை வயிற்றில் ரத்தக்கசிவு. கதவில் முழங்கை லேசாக இடித்தாலே கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். மாத்திரையை விட்டால் பக்கவாதம் வருமோ என்ற பயம். வேறு வழியில்லாமல்தான் சம்மதித்தேன்.

நம் இருவருக்கும் இருக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பில், வால்வுக் கோளாறு இல்லையென்றால், மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரவழைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இதயத்தின் இடது மேலறையோடு ஒட்டிய ஒரு சின்னப் பையில்தான் உண்டாகிறது. பத்தில் ஒன்பது அங்கேதான் என்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் அந்தப் பையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். கருவியின் பெயர் வாட்ச்மேன். "சம்பளம் எவ்வளவுப்பா?" என்று கேட்டாள் என் மகள்.

வைத்த மறுநாளே மாத்திரைக்கு விடுதலை என்று நினைத்திருந்தேன். எங்கே! இன்னும் 45 நாள் அதே வார்ஃபரின், கூடவே ஆஸ்பிரின். தினமும் மலத்தின் நிறத்தைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்தேன். அப்புறம் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்து, ஓரத்தில் கசிவில்லை, கருவியின் மேல் ரத்தக்கட்டி படியவில்லை என்று தெரிந்த பிறகே நிறுத்தினார்கள்.

சரி, பலன்? வாட்ச்மேனை வார்ஃபரினோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. மொத்தப் பக்கவாதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். மூளையில் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதம் கருவி வைத்தவர்களுக்கு மிகவும் குறைவு. ஆனால் அடைப்பால் வரும் பக்கவாதம் அவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. 2024இல் வந்த ஆப்ஷன் ஆய்வில், துடிப்பைச் சீராக்கும் அப்லேஷன் என்ற சிகிச்சை செய்துகொண்ட 1,600 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் புதுவகை மாத்திரைகளோடுதான் பெரும்பாலும் கருவிக்குப் போட்டி. மரணமும் பக்கவாதமும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. சிகிச்சையோடு தொடர்பில்லாத ரத்தக்கசிவு மட்டும் மாத்திரைக்காரர்களுக்கு 18.1 சதவீதம், கருவிக்காரர்களுக்கு 8.5.

ஆக, லாபம் ரத்தக்கசிவில்தான். உனக்கோ ஒரு தடவைகூட ரத்தம் போனதில்லை. கருவி வைக்கும்போது இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதும் சிலருக்கு நடக்கிறது. உன் ரத்தக்கசிவு ஆபத்து எவ்வளவு, அவர் இதுவரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார் என்று டாக்டரிடம் நேராகக் கேள். சொன்னதை எனக்கு எழுது.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா?

அன்புடன்,
ராமு