பட்டைத் தூள் விஷயமாக

அன்புள்ள மகளுக்கு,

ரிப்போர்ட் பார்த்தேன். ஹெச்பிஏ1சி, அதாவது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5-ஐத் தொட்டால்தான் நோய் என்பார்கள். அதனால் பயம் வேண்டாம். ஆனால் தினமும் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் பட்டைத் தூள் விழுங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சர்க்கரையைக் குறைக்கும் என்ற பெயர் பட்டைக்குச் சும்மா வரவில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் உள்ள 60 பேரில் பட்டை சாப்பிட்டவர்களுக்கு 40 நாளில் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. அப்புறம் வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்றன, சில இல்லை என்றன. அதோடு, பரவலாக விற்பது காசியா வகைப் பட்டை. அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம்; ஸ்பூன் கணக்கில் நாள்தோறும் போனால் கல்லீரலுக்கு ஆகாது. சிலோன் பட்டையில் அது மிகக் குறைவு. சமையலில் போடுகிற அளவுக்கு எதுவானாலும் சரி.

வெந்தயத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. ஊறினால் வருகிற அந்த வழவழப்பு, கரையும் நார்ச்சத்து. குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தும். பயறும் காய்கறியும்கூட நார்ச்சத்தால் அதே வேலையைத்தான் செய்கின்றன. மஞ்சளையும் சொல்வார்கள், ஆனால் அதில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் உடம்பில் சேர்வதே அரிது.

உனக்கு இன்சுலின் சுரக்காமல் இல்லை. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்தால் அவை இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டிப் பார்க்கும், ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகும். அந்தக் கொழுப்பை எந்தத் தூளும் கரைத்துவிடாது. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உன்னைப் போல எல்லையில் நின்றவர்களை எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் வைத்தார்கள். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான்!

ஆகவே இனிப்புப் பானத்தை முதலில் நிறுத்து. தட்டில் காய்கறியையும் புரதத்தையும் முன்னால் சாப்பிடு, மாவுச்சத்து கடைசியில். சாப்பிட்டதும் கொஞ்சம் நட. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடு, அதற்கு முன்னால் எடுத்தால் மாற்றம் சரியாகத் தெரியாது. டாக்டர் மாத்திரை ஏதாவது தொடங்கினால் பட்டை, வெந்தயக் கதையையும் அவரிடம் சொல்லிவிடு. சில மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம்.

அன்புடன்,
அப்பா