ஏழு குடம் நல்ல தண்ணி

தனுஷ்கோடி, ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் சொந்தங்களுக்கு வணக்கம். முதலில் எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா நலமாக இருக்கிறார், நேற்று ராத்திரி இன்னும் ரெண்டு இட்லி வை என்று கேட்டுச் சாப்பிட்டார். வண்டியும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தனுஷ்கோடி மணலில் வண்டி புதைந்து கடல் தண்ணீர் ஏறியதையும், அப்பாவுக்கு மூச்சுத் திணறியதையும் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை, முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளியதே நீங்கள்தானே.

என் வண்டியை இப்போது கரையில் பாதிப் பேருக்குத் தெரியும். 2004 மாடல் டெம்போ டிராவலர், கம்பெனி பெயர் மாறுவதற்கு முன்னால் வந்தது, அதனால் பின்கதவில் பஜாஜ் டெம்போ என்றுதான் இருக்கும். அப்பாவால் ரொம்ப நேரம் உட்கார முடியாது என்பதால் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் போட்டு வீடாக்கினேன். 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் சின்னப் பையனாகத் தனுஷ்கோடி ஸ்டேஷனில் இறங்கியவர் அவர். இன்னொரு தடவை அந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்! நின்றுவிட்டார். அதற்குப் பிறகு, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஏறுகிற நேரத்தில், வண்டியை ரோட்டை விட்டு மணலில் இறக்கியது முழுக்க என் தப்பு.

இழுத்துப் போட்ட தம்பிமார்களுக்கு நன்றி. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற மாதம், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம். டயரில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கு, அப்போதுதான் மணலில் பரந்து உட்காரும் என்று சொன்ன மீன் லாரி அண்ணனுக்கும், பனை மட்டையை வெட்டிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தவர்களுக்கும், அப்பாவை ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வாடகை வாங்காமல் திரும்பிய ஆட்டோக்காரருக்கும், ராத்திரி முழுக்க முழித்திருந்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. கூரையில் விரிசலைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஏறி, படகுக்குப் போடுகிற கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டிக்கொடுத்த மண்டபத்து ஃபைபர் வேலைக்காரருக்கும் நன்றி. கரையேறிய படகுகள் பழுது பார்க்க வரிசையில் நிற்கிற, மூச்சுவிட நேரமில்லாத மாதம் அவருக்கு.

இனி, இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான பாட்டி.

அன்று ராத்திரி அப்பாவோடு ஓடினபோது வண்டியைப் பாட்டியின் குடிசைக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தால் வண்டிக்குக் கீழே மணல் ஈரமாக இருந்தது. முந்தின நாள் ஈரம் அதுவரை நிற்காதே, டீசல் ஒழுகுகிறதோ என்று பதறிப்போய்க் குனிந்தேன். பின்சக்கரத்துக்குப் பின்னால் பாட்டி குந்தியிருந்தார். கையில் ஒரு சொம்பு, தோளில் ஒரு பழைய துணி. வண்டியின் எடையைத் தாங்கி நெளிகிற கமான் பட்டைகளுக்கு நடுவில் தண்ணீரை ஊற்றி, அந்தத் துணியை இடுக்கில் விட்டு இழுத்து இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "அப்பாவுக்கு மூச்சு சீராயிருச்சா?" என்றுதான் கேட்டார். ஆயிருச்சு என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

"உப்பு காயறதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்திரணும் தம்பி. விட்டா இரும்பைத் தின்னுரும். எங்க வீட்டுக்காரரு கடல்ல இருந்து வந்ததும் மொதல்ல எஞ்சினுக்குத்தான் நல்ல தண்ணி காட்டுவாரு, அப்புறந்தான் அவரு குடிப்பாரு."

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே குழாய் கிடையாது. மணலைத் தோண்டினால் ஊற்று வரும், ரெண்டு பக்கமும் கடல் இருந்தும் அது குடிக்கிற தண்ணீர். குழிக்குள் இறங்கி, கசியக் கசியச் சிரட்டையால் மொண்டு குடத்தில் விடவேண்டும். மண்ணைக் கலக்கிவிட்டால் தெளிகிறவரை காத்திருக்கவேண்டும், அவசரம் ஆகாது. அப்படி ஏழு குடம். விடியும் முன்னாலேயே இறங்கியிருக்கிறார். குழியிலிருந்து வண்டி வரைக்கும் மணலில் சிந்தின தண்ணீர் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யார் வண்டி, யார் எவர், எதுவும் அவருக்குத் தெரியாது. "ஒனக்குச் சோறு போடுற வண்டியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பணம் கொடுக்கக் கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டுவிட்டு, அதே ஊற்றுத் தண்ணீரில் எனக்குக் கடுங்காப்பி போட்டார்.

வண்டியை ராமநாதபுரத்தில் மெக்கானிக்கிடம் விட்டேன். கிரவுன் ஆயில், அதாவது பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியில் இருக்கிற ஆயில், பால் காப்பி நிறத்தில் இறங்கியது, அதற்குள் கடல் தண்ணீர் போய்விட்டது, மாற்றியாகிவிட்டது. வீல் பேரிங் எல்லாம் கழற்றிப் புது கிரீஸ் வைத்தாயிற்று. ஆனால் பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், கமான் பட்டை எல்லாவற்றையும் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "உடனே வாட்டர் சர்வீஸ் விட்டுட்டீங்களா சார், இல்லேன்னா இந்நேரம் பூத்திருக்கும்" என்றார் அவர். உப்பு காய்ந்த பிறகும் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாம், அதனால் வெயிலில் நிற்கிற வண்டியிலும் துரு வேலை செய்துகொண்டே இருக்குமாம். பாட்டியைப் பற்றிச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மூன்று வருஷமாக அந்த வண்டிக்குள் நான் போட்ட காசு கொஞ்சமில்லை. கூரையில் சோலார், லித்தியம் பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ் என்று மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனேன். கீழே படுத்து ஒருநாள் அடிச்சட்டமான சேஸைப் பார்த்ததில்லை. இருபது வருஷ வண்டியைத் தாங்குவது அதுதானே. ஒரு நாள்கூட என் வண்டியில் ஏறாத பாட்டி அதைப் பார்த்திருக்கிறார்.

இனிமேல் கடற்கரைக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் சோற்றில் கை வைக்க மாட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் துருவைச் சுரண்டி அடிப்பூச்சு அடிக்கப்போகிறேன், கிரவுனில் காற்றுப் போகிற குழாயை நீட்டி உயரத்தில் கட்டப்போகிறேன். ரோட்டை விட்டு மணலில் இறங்கமாட்டேன்.

அப்புறம், ஏசி போட என்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் வண்டியின் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டு 150 லிட்டர் தொட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, யாராவது அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வைகாசி விசாகத்துக்கு மறுநாள் காலையில் வருகிறேன், அப்பாவும் வருகிறார். அன்றைக்கு ஊற்றில் இறங்கவேண்டாம், ஏழு குடத்தையும் கழுவி வாசலில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.